சப்ஸ்கிரைப் கோரிக்கையில் தொலைபேசி எண்ணையே முகவரியாகக் கொடுக்கலாமா?

வலைத்தறி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஒரு சாஃப்ட்ஃபோன் எழுதிக்கிட்டு இருக்கோம். அழைப்பு எல்லாம் நல்லா போகுது, தலைவலி பிரசன்ஸ் பக்கம்தான், அதாவது ஒருத்தர் இப்ப ஆன்லைன்ல இருக்காரா, வேலையா இருக்காரான்னு காட்டுறது. பயனரோட முகவரிப் புத்தகத்தைத் திறந்தா முக்காவாசி வெறும் ஃபோன் நம்பர். இணைய அழைப்புக்கான சிப் நெறிமுறைல பேர்@டொமைன் மாதிரி சிப் முகவரின்னு ஒண்ணு இருக்கிறதே பலருக்குத் தெரியாது. அதனால ஒவ்வொரு நம்பருக்கும் டெல் யூஆர்ஐ (எண்ணையே முகவரியா எழுதுற வடிவம்) போட்டு, நிலை மாறினா சொல்லச் சொல்லிக் கேட்கிற சந்தாக் கோரிக்கையான சப்ஸ்கிரைப் அனுப்புறோம். கோரிக்கை போக வேண்டிய முகவரியான ரெக்வெஸ்ட்-யூஆர்ஐ, பெறுநரைச் சொல்ற டூ ஹெடர் ரெண்டுலயும் "டெல்:+12015550123" மாதிரி போகும்.

ஒரு சர்வர் 416-ன்னு பிழைக் குறியீடு தருது. இன்னொண்ணு 404. மூணாவது 200 ஓகே சொல்லி, நிலையைத் தெரிவிக்கிற நோட்டிஃபையும் அனுப்புது, ஆனா உள்ள இருக்கிற எக்ஸ்எம்எல்-ல யாரோட நிலைன்னு சொல்ற என்டிட்டி மட்டும் சிப் முகவரியா மாறி வருது. "இப்படி ஒருத்தரை நான் கேட்கவே இல்லையே"ன்னு எங்க கோட் அதைத் தூக்கிப் போட்டுடுது.

எண்ணை நாங்களே சிப் முகவரியா மாத்தி அனுப்பணுமா, இல்ல டெல்-ஐ அப்படியே விடுறதுதான் முறையா? எங்க குழுவுல இதுக்கு ரெண்டு கட்சி இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழையதந்தி

முறைப்படி தாராளமாக அனுப்பலாம். 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261 (ஆர்எஃப்சி என்பது இணையத் தர ஆவணம், கீழே வரும் 3265, 6665 போன்ற எண்களும் அவையே), ரெக்வெஸ்ட்-யூஆர்ஐ-யில் சிப் அல்லாத யூஆர்ஐ-க்கும் இடம் கொடுக்கிறது. டூ, ஃப்ரம் இரண்டிலும் டெல் வரலாம். சப்ஸ்கிரைப்-ஐ வரையறுத்த 3265-ஓ, 2012-இல் அதன் இடத்துக்கு வந்த 6665-ஓ இதைத் தடுக்கவில்லை. டெல் யூஆர்ஐ-யின் இலக்கணம் 2004-இல் வந்த 3966-இல் இருக்கிறது.

டெல் வரவே கூடாத இடங்களும் உண்டு. சப்ஸ்கிரைப்-இன் கான்டாக்ட் ஹெடரில் ஒரே ஒரு சிப் அல்லது சிப்ஸ் (பாதுகாப்பான சிப்) யூஆர்ஐ இருக்க வேண்டும். பதில் நோட்டிஃபை எந்த இயந்திரத்துக்கு வரவேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் தெரியும். எண்ணில் ஹோஸ்ட் ஏது? சாதனம் தன்னைப் பதிவு செய்ய அனுப்பும் ரெஜிஸ்டரின் டூ ஹெடரும் அப்படியே, அங்கும் சிப் அல்லது சிப்ஸ்தான். பிறகு ஐஎம்எஸ்-இல், அதாவது தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் சிப் வலையமைப்பில், ஒருவருக்கு டெல் முகவரி எப்படிப் பதிவாகிறது என்று கேட்பீர்கள். பயனர் சிப் முகவரியைப் பதிவு செய்யும்போது, அதே தொகுதியில் எச்எஸ்எஸ் என்ற பயனர் தரவுத்தளத்தில் கட்டிவைத்திருக்கும் டெல் முகவரியும் கூடவே பதிவாகிவிடும். அந்தப் பட்டியல் 200 ஓகே-யில் பி-அசோசியேட்டட்-யூஆர்ஐ ஹெடரில் திரும்பி வரும்.

உங்களுக்கு வந்த 416-உம் 404-உம் ஒரே நோயின் இரண்டு அறிகுறி அல்ல. 416 என்றால் "டெல் என்ற வகையே எனக்குப் புரியாது". அப்போது சிப் யூஆர்ஐ-யாக மாற்றி மறுபடி முயலச் சொல்லி 3261-லேயே எழுதியிருக்கிறது. 404 என்றால் வகை புரிந்தது, அந்த எண்ணுக்கு உரியவர் அங்கே இல்லை. 404 வந்த எண்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். எல்லாமே ப்ளஸ்ஸோடு தொடங்குகின்றனவா?

வலைத்தறி

//எல்லாமே ப்ளஸ்ஸோடு தொடங்குகின்றனவா?//

இல்ல சார். பலர் உள்ளூர்ல டயல் பண்ற மாதிரியே சேமிச்சு வச்சிருக்காங்க. ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் நாலு இலக்கம் மட்டும் இருக்கிறதும் உண்டு. டெல்:7042-ன்னு அப்படியே போகுது.

பழையதந்தி

அது டெல் யூஆர்ஐ-யே அல்ல. உலக எண் என்றால் ப்ளஸ் போட்டு, நாட்டுக் குறியீட்டோடு, இ.164 என்ற உலகத் தொலைபேசி எண் தரம் சொல்லும் 15 இலக்கத்துக்குள் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் உள்ளூர் எண். உள்ளூர் எண்ணுக்கு ஃபோன்-கான்டெக்ஸ்ட் கட்டாயம். டெல்:7042;ஃபோன்-கான்டெக்ஸ்ட்=எக்ஸாம்பிள்.காம் என்று இருந்தால்தான் அந்த 7042 எந்த நிறுவனத்தின் 7042 என்று தெரியும். சூழலாக டொமைனைக் கொடுக்கலாம், +1-914-555 போன்ற எண் முன்னொட்டையும் கொடுக்கலாம்.

இன்னொன்று, வெளிநாட்டுக்கு டயல் செய்ய அழுத்தும் 00 போன்ற முன்னொட்டை ப்ளஸ்ஸுக்குப் பதிலாக வைத்து அனுப்பாதீர்கள். அது டயல் செய்யும் வழக்கம், எண்ணின் பகுதி அல்ல. முகவரிப் புத்தகத்திலிருந்து எடுக்கும் இடத்திலேயே, பயனரின் சொந்த எண்ணின் நாட்டை வைத்து ஒழுங்குபடுத்திவிடுங்கள். 404-இல் பாதி அங்கேயே போய்விடும்.

கிளைமொழி

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? தொலைபேசி எண்ணுக்கு இணைய முகவரி தரும் டிஎன்எஸ் ஏற்பாடான ஈ-நம்-ஐக் கிளையன்ட்டே பார்த்துவிடலாமே. +12015550123-ஐத் திருப்பிப் போட்டு 3.2.1.0.5.5.5.1.0.2.1.இ164.ஆர்பா என்று டிஎன்எஸ்-இல் கேட்டால் நாப்டிஆர் பதிவில் சிப் முகவரி வந்துவிடும். பிரசன்ஸுக்கென்றே தனி ஈ-நம் சேவை 3953-இல், 2005-லேயே வரையறுத்துவிட்டார்கள். டிஎன்எஸ்-இல் கிடைத்த சிப் யூஆர்ஐ-க்கே நேராக சப்ஸ்கிரைப் செய்தால் 416 என்ற பேச்சே வராது.

நிலாமுற்றம்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொது ஈ-நம் மரத்தில் பெரும்பாலான எண்களுக்குப் பதிவே கிடையாது. நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் தனி ஈ-நம்-இல் இருக்கும். அதை வெளியிலிருந்து உங்கள் கிளையன்ட் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பொதுவில் எல்லாவற்றையும் போடாததற்குக் காரணமும் நியாயமானதுதான். எண்ணை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் யார் யாருக்கு என்ன சேவை இருக்கிறது என்று எவர் வேண்டுமானாலும் வாரிக்கொண்டு போய்விடலாம்.

ஆகவே அந்த மொழிபெயர்ப்பு நெட்வொர்க்குக்குள் நடப்பதே சரி. ஐஎம்எஸ்-இல் கேட்பவரின் பக்கத்து எஸ்-சிஎஸ்சிஎஃப் என்ற சர்வர், டெல் வந்தால் ஈ-நம் பார்த்து சிப் யூஆர்ஐ-யாக மாற்றி அனுப்பும். கிளையன்ட் எண்ணை மட்டும் கொடுத்தால் போதும்.

கிளைமொழி

//மொழிபெயர்ப்பு நெட்வொர்க்குக்குள் நடப்பதே சரி//

அப்படியானால் ஈ-நம்-இல் கிடைக்காத எண்ணுக்கு என்ன ஆகும்? அழைப்பாக இருந்தால் பழைய தொலைபேசி வலையமைப்புக்கு கேட்வே வழியாகத் தள்ளிவிடலாம். சப்ஸ்கிரைப்-ஐ எங்கே தள்ளுவது?

பழையதந்தி

எங்கும் தள்ள முடியாது. அழைப்பில் எண் எங்கே போனாலும் கடைசியில் ஒரு மணி அடிக்கும். சந்தா கேட்வேயில் முட்டி நிற்கும். சப்ஸ்கிரைப் தெரியாத கேட்வே 501 தரும். தெரிந்தும் மறுப்பது 405. சப்ஸ்கிரைப் தெரிந்து, கேட்ட ஈவென்ட் பேக்கேஜ் (பிரசன்ஸ் போன்ற நிகழ்வு வகை) மட்டும் தெரியாதது 489 தரும். இந்த மூன்றில் எது வந்தாலும் வலைத்தறி அந்த எண்ணுக்கு மறுபடி மறுபடி முயலாமல் ஓரமாக வைத்துவிடலாம்.

பழைய வலையமைப்பின் நிகழ்வுகளுக்கே சந்தா செலுத்தும் முயற்சியும் நடந்தது. 2000-இல் பின்ட் என்ற நெறிமுறை, 2848-ஆம் எண். அதில் இணையத்திலிருந்து தொலைபேசி வலையமைப்பின் சேவைகளைக் கேட்பார்கள். சப்ஸ்கிரைப், நோட்டிஃபை என்ற பெயர்களே சிப் உலகில் முதலில் அங்கேதான் புழங்கின. பிறகு 2004-இல் ஸ்பிரிட்ஸ், 3910. இது எதிர்த்திசை: தொலைபேசிப் பக்கம் ஏதாவது நடந்தால் இணையப் பக்கத்துக்கு நோட்டிஃபை வரும். எண்ணுக்கும் சந்தாவுக்குமான உறவை அப்போதே யோசித்தவர்கள் அவர்கள். இரண்டும் பரவலாகப் புழக்கத்துக்கு வராமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வலைத்தறி

ரொம்ப நன்றி. 404, 416 ரெண்டும் இப்போ புரியுது. மூணாவது கேஸ்தான் பாக்கி. டெல்-க்கு சப்ஸ்கிரைப் பண்ணினா, நோட்டிஃபை-ல என்டிட்டி "சிப்:+12015550123@" அப்புறம் ஏதோ டொமைன், கடைசில யூசர்=ஃபோன்-னு வருது. இதையும் அதையும் எப்படி ஒப்பிடுறது? எண்ணை மட்டும் உருவி எடுத்துப் பாத்தா போதுமா?

நிலாமுற்றம்

உருவாதீர்கள். நோட்டிஃபை எந்தச் சந்தாவுக்கானது என்பதை டயலாக்கை, அதாவது இரு முனைக்கும் இடையில் அந்தச் சந்தாவால் உருவான தொடர்பை, வைத்துக் கண்டுபிடியுங்கள்: கால்-ஐடி, நீங்கள் ஃப்ரம்-இல் போட்ட டேக், ஈவென்ட் ஹெடரில் ஐடி போட்டிருந்தால் அதுவும். இந்த மூன்றும் பொருந்தினால் அது நீங்கள் கேட்ட சந்தாவின் பதில்தான், உள்ளே என்டிட்டி எதுவாக இருந்தாலும். நடுவில் யாரோ டெல்-ஐ சிப்-ஆக மாற்றியிருப்பார்கள், பிரசன்ஸ் சர்வருக்கு அந்தச் சிப் முகவரி மட்டுமே தெரிந்திருக்கும். அதன் மேல் குற்றமில்லை.

பட்டியல் சந்தா, அதாவது 4662 சொல்லும் ரிசோர்ஸ் லிஸ்ட் பயன்படுத்தினால், ஒரே டயலாக்கில் பலருடைய நிலை வரும். அப்போது மேலே வரும் பட்டியல் ஆவணத்தில் ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் ஒரு யூஆர்ஐ பண்பு இருக்கும். அதைப் பிடித்து, அதிலிருக்கும் சிஐடி எந்தப் பகுதியைக் காட்டுகிறதோ அந்த ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டே ஆக வேண்டிய இடமும் உண்டு. உங்கள் சொந்தச் சேமிப்பில் ஒரே ஆள் இரண்டு முறை வந்துவிடக் கூடாது அல்லவா? டெல்:+1-201-555-0123-உம் டெல்:+12015550123-உம் ஒன்றுதான். கோடு, புள்ளி, அடைப்பு எல்லாம் கண்ணுக்கு வசதிக்காகப் போட்டவை, 3966-படி ஒப்பிடும்போது அவற்றை எடுத்துவிட வேண்டும். ஆனால் அதே எண்ணைச் சிப் யூஆர்ஐ-யின் பயனர் பகுதியில் வைத்ததும் கதை மாறிவிடும். சிப் ஒப்பீடு அதை வெறும் எழுத்துச் சரமாகத்தான் பார்க்கும். கோடு போட்டதும் போடாததும் அங்கே வெவ்வேறு ஆள். எனவே சிப்-ஆக மாற்றும் முன் கோடுகளை நீக்கிவிடுங்கள்.

எண் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தால் வழியில் இருக்கும் ப்ராக்ஸி சர்வர்கள் ஆர்என், என்பிடிஐ என்று இரண்டு அளவுருக்களை ஒட்டிவிடும், 4694-இல் இருக்கிறது. வழி காட்டத்தான் அவை. அடையாளமாகச் சேமிக்கும்போது அவை கூட வரக்கூடாது.

கிளைமொழி

என் கட்சி இன்னும் தோற்கவில்லை என்றே நினைக்கிறேன். ஒருமுறை டெல்-ஐ அனுப்பி, பதிலில் கிடைத்த சிப் முகவரியை முகவரிப் புத்தகத்தில் சேமித்துவிட்டால் அடுத்த முறையிலிருந்து நேர்வழி. ஒவ்வொரு முறையும் ஈ-நம் தேடல் எதற்கு? ஆயிரம் தொடர்புகள் உள்ளவருக்கு இது சின்னச் சுமை அல்ல.

நிலாமுற்றம்

இதைத்தான் செய்யவே கூடாது என்று சொல்ல வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். சந்தா அப்படி இல்லை. பிரசன்ஸ் பேக்கேஜின் இயல்பான ஆயுள் 3600 நொடி, ஆனால் கிளையன்ட் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில் ஓடும். ஐஎம்எஸ்-இல் சாதனம் தன் சொந்தப் பதிவு நிலைக்கு எடுக்கும் ரெஜ் சந்தாவோ ஒரே மூச்சில் 600000 நொடி, கிட்டத்தட்ட ஒரு வாரம். இவ்வளவு காலம் ஓடும் ஒன்றில், எண்ணுக்குப் பின்னால் இருப்பது மாறாமல் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

முதலில், ஒருவர் எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சந்தாவைப் புதுப்பிக்க நீங்கள் அனுப்பும் சப்ஸ்கிரைப் எங்கே போகும்? டூ ஹெடரில் டெல் இன்னும் இருக்கும், ஆனால் அதை யாரும் பார்த்து வழி காட்டப் போவதில்லை. ரெக்வெஸ்ட்-யூஆர்ஐ-யில் இருப்பது பழைய சர்வர் தன் கான்டாக்ட்டில் கொடுத்த முகவரி. எண் இடம் மாறிவிட்டது, சந்தா பழைய வீட்டிலேயே தங்கிவிடும்.

பழைய நிறுவனம் பொறுப்பாக நடந்தால், நோட்டிஃபை அனுப்பி சப்ஸ்கிரிப்ஷன்-ஸ்டேட்-இல் டெர்மினேட்டட், காரணம் டீஆக்டிவேட்டட் என்று சொல்லும். உடனே புதிதாகச் சந்தா எடுத்துக்கொள் என்று அதற்குப் பொருள். சந்தாக்களை ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தவே அந்தக் காரணத்தை வைத்தார்கள். உங்கள் கையில் டெல் இருந்தால் புது சப்ஸ்கிரைப் போகும், வழியில் எண் மாற்றத் தேடல் நடக்கும், புது நிறுவனத்துக்குப் போய்ச் சேரும், பயனருக்கு ஒன்றும் தெரியாது. கிளைமொழி சொன்னபடி பழைய சிப் முகவரியைச் சேமித்திருந்தால்? அதே பழைய வாசலுக்கே திரும்பப் போய் 404 வாங்கிக்கொண்டு வரும். அந்த நண்பர் பட்டியலில் காரணமே தெரியாமல் இருண்டு கிடப்பார்.

நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் எண் வெளியே போகும்போதெல்லாம் காரணம் நோரிசோர்ஸ் என்றே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பொருள் "அந்த ஆளே இல்லை, மறுபடி கேட்காதே". ஒழுங்காக எழுதிய கிளையன்ட்கள் எல்லாம் சொன்ன சொல்லைக் கேட்டு நின்றுவிட்டன. ஒழுங்கில்லாதவை மட்டும் மீண்டும் முயன்று வேலை செய்தன! பயனர்கள் ஒழுங்கான கிளையன்ட்டைத்தான் திட்டினார்கள். ஒரு சொல் மாறியிருந்தால் போதும். அதை மாற்றச் சொல்லி எத்தனை மின்னஞ்சல் போனாலும் "அழைப்பு சரியாகப் போகிறதே" என்றுதான் பதில்.

ஆகவே டெல்-ஐ மட்டும் சேமியுங்கள். அனுப்பும் நேரத்தில் மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள், மாற்றியதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கிளைமொழி

ஏற்றுக்கொள்கிறேன். அந்த டீஆக்டிவேட்டட் விஷயம் அழுத்தமான காரணம்தான்.

ஆனால் பழைய சர்வர் எதையும் சொல்லாமலேயே சந்தாவை அழித்துவிட்டால்?

பழையதந்தி

புதுப்பிக்கப் போகும்போது 481 வரும். அப்போது அந்தச் சந்தா முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, புதுக் கால்-ஐடி, புது ஃப்ரம் டேக்குடன், டெல்-ஐ ரெக்வெஸ்ட்-யூஆர்ஐ-யில் வைத்துத் தொடக்கத்திலிருந்து அனுப்புங்கள். முதல் சப்ஸ்கிரைப்புக்கு 200 வந்தும் நோட்டிஃபை வராமல் போனால் 6665-இன் டைமர்-என் வரை காத்திருந்தால் போதும். வழக்கமான அமைப்பில் அது 32 நொடி. நோட்டிஃபை வரும்வரை சந்தா உருவாகிவிட்டதாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வலைத்தறி

குறிச்சுக்கிட்டேன். நிலாமுற்றம், "முதலில்"னு சொன்னீங்க. இன்னொண்ணு இருக்கா?

நிலாமுற்றம்

இருக்கிறது. எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான்.

எண்ணை ஒருவர் விட்டுவிடுகிறார். சில காலம் சும்மா கிடந்து, அது வேறொருவருக்குக் கொடுக்கப்படுகிறது. என் நிலையை யார் பார்க்கலாம் என்று சொல்லும் பிரசன்ஸ் விதியில் "இந்த டெல் எண்ணுக்கு அனுமதி" என்று எப்போதோ எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக எண் வாங்கியவர் முறையாக உள்நுழைகிறார். அவருடைய நெட்வொர்க், அனுப்புபவர் யார் என்று சொல்லும் பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி ஹெடரில் அந்த எண்ணை உண்மையாகவே சான்றளிக்கிறது. அவர் முகவரிப் புத்தகத்தில் எப்படியோ என் எண் இருந்து, சப்ஸ்கிரைப் வந்தால் என் விதி பொருந்திவிடும். நான் எப்போது வேலையாக இருக்கிறேன், எப்போது விழித்திருக்கிறேன் என்பதெல்லாம் முன்பின் தெரியாதவருக்குப் போகும். இங்கே யாரும் எதையும் உடைக்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. அதனாலேயே எந்த எச்சரிக்கையும் அடிக்காது.

பழைய நிறுவனம் தன்னிடம் இருக்கும் ஆவணங்களை அழிக்கலாம், அழிக்கவும் வேண்டும். இங்கே நோரிசோர்ஸ் சொல்வதுதான் சரி. ஆனால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மற்றவர்கள் எழுதிய விதிகள் வேறு வேறு நிறுவனங்களின் எக்ஸ்கேப் சர்வர்களில் (விதி ஆவணங்களை வைக்கும் இடம்) கிடக்கின்றன. அவர்களுக்குத் தகவல் சொல்ல வழியே இல்லை.

கிளைமொழி

அனுப்புபவரின் அடையாளத்துக்குப் போடும் 8224 கையொப்பம் இதைத் தீர்க்காதா?

நிலாமுற்றம்

தீர்க்காது. இந்த நொடியில் அந்த எண்ணைப் பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டு என்று அது சொல்லும். போன வருடம் நான் அனுமதித்த அதே ஆள்தானா என்று அது சொல்லாது. சிப் முகவரிக்கு விதி எழுதினாலும் பல இடங்களில் பயன் இல்லை, அந்தச் சிப் முகவரியே எண்ணிலிருந்து செய்ததாக இருக்கும்.

என்னால் முடிந்த ஏற்பாடு இது. வரும் சந்தாவை என்ன செய்வது என்று சொல்லும் 5025-இன் சப்-ஹேண்ட்லிங்கில் நான்கு நிலைகள்: பிளாக் 0, கன்ஃபர்ம் 10, பொலைட்-பிளாக் 20, அலவ் 30. ஒரே ஆளுக்குப் பல விதிகள் பொருந்தினால் பெரிய மதிப்பு வெல்லும். எனவே ஒரு டெல் எண்ணுக்கு இரண்டு விதி எழுதுங்கள். ஒன்று காலவரையற்ற கன்ஃபர்ம். மற்றது அலவ், ஆனால் 4745-இல் இருக்கும் வேலிடிட்டி நிபந்தனையோடு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று. தேதி இருக்கும்வரை 30 வெல்லும். முடிந்ததும் 10-க்கு இறங்கும், சந்தா பென்டிங்கில் நிற்கும், யார் சந்தா கேட்கிறார் என்று தெரிவிக்கும் வாட்சர்-இன்ஃபோ வழியாக உங்கள் கிளையன்ட் உரியவரிடம் "இவருக்கு இன்னும் காட்டலாமா" என்று கேட்கும்.

வலைத்தறி

இது பிரமாதம். சர்வர் பக்கம் எதையும் மாத்த வேண்டாம், நாங்க எழுதுற விதி ஆவணத்திலேயே முடிஞ்சிடுது. ஆனா அந்தத் தேதி எவ்வளவு தள்ளி வைக்கணும்? ஆயிரம் பேருக்கு மாசாமாசம் கேட்டா பயனர் பாக்காமலேயே ஆமான்னு அழுத்திட்டுப் போயிடுவாரு.

நிலாமுற்றம்

கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள், பழக்கத்தை வைத்துத் தள்ளிப்போடுங்கள். இரண்டு பேரும் உண்மையில் பேசினால், அதுவும் உரியவரே அந்த எண்ணை அழைத்துச் சில நிமிடம் பேசியிருந்தால், தேதியைத் தானாக நகர்த்திவிடலாம். வெறும் மிஸ்டு கால் கணக்கில் வராது. பேச்சே இல்லாத எண்கள்தான் கன்ஃபர்மில் விழும், அவை சிலதான் இருக்கும். விட்ட எண் எவ்வளவு காலம் சும்மா கிடக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் பயனர்கள் இருக்கும் இடத்தின் விதியைப் பார்த்து அதைவிடக் குறைவாக வையுங்கள்.

பழையதந்தி

ஒன்று சேர்க்கிறேன். பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டியில் ஒரு சிப், ஒரு டெல் என இரண்டு மதிப்பு வரலாம், 3325 அனுமதிக்கிறது. விதியை டெல்-க்கு மட்டும் எழுதிவிட்டு, சிப் மட்டும் வந்த கோரிக்கை ஏன் பொருந்தவில்லை என்று தேடாதீர்கள். அப்படி வந்தால் அது அலவ் ஆகாமல் போவதுதான் பாதுகாப்பு.

வலைத்தறி

சரிங்க சார். கடைசியா ஒரே ஒரு சந்தேகம். நோரிசோர்ஸ் வந்துட்டா மறுபடி கேட்கக் கூடாதுன்னு இருக்கு. ஆனா நிலாமுற்றம் சொன்ன மாதிரி சில நிறுவனங்கள் நிறுவன மாற்றத்துக்கும் அதையே அனுப்புது. அப்போ அந்த நண்பர் நிரந்தரமா இருண்டு போயிடுவாரா?

நிலாமுற்றம்

தானாக முயலாதீர்கள், அந்தத் தடை நியாயமானது. லட்சம் கிளையன்ட் சேர்ந்து இல்லாத எண்ணைத் தட்டினால் சர்வர் தாங்காது. ஆனால் பயனரே அந்தத் தொடர்பைத் திறந்து பார்க்கும்போது, அல்லது அந்த எண்ணோடு ஒரு அழைப்பு நடந்து முடிந்ததும், டெல்-ஐ வைத்து புதிதாக ஒரு சப்ஸ்கிரைப் அனுப்பலாம். அழைப்பு போய்ச் சேர்ந்தது என்றால் எண் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அந்தச் சமயத்தில் அலவ் விதியின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நோரிசோர்ஸ் வந்த எண்ணுக்கு நான் தேதியை உடனே முடித்துவிடுவேன். எடுத்தவர் பழைய நண்பர்தானா என்று உரியவர் ஒருமுறை சொல்லட்டும்.